பவுனுக்கு வளைகாப்பு

மதுரையில் சர்க்கரை டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அரிசியைக் குறைக்க வேண்டும். இனிப்பு வாசனையே கூடாது. மொத்தமாகத் தின்னாமல் கொஞ்சம் கொஞ்சமாக, நிதானமாக மென்று தின்ன வேண்டும். அதற்காகப் பட்டினியும் கிடக்கக் கூடாது. தினமும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் காலில் போய் நிற்கும். கேட்டுக்கொண்டே இருந்தவள் சிரித்துவிட்டேன். எனக்கொரு பேத்தி இருந்தால் டாக்டர் வயதுதான் இருக்கும், பாவம், முகம் சுருங்கிப்போனது. காரணத்தைச் சொல்லலாம்தான். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு டாக்டர் இதையே ஒரு குதிரைக்குச் சொன்னார் என்று அந்தப் பெண்ணிடம் எந்த முகத்தோடு சொல்வது?

திரும்பி வரும்போது பஸ்ஸிலும் அதே நினைப்பு. காரியாபட்டி தாண்டியதும் எங்களுக்கு முன்னால் ஒரு லாரி, கடலைக்கொடி லோடு ஏற்றிக்கொண்டு ரோட்டை அடைத்துப் போனது. தூசி என்று எல்லோரும் ஜன்னலை மூடினார்கள். நான் மூடவில்லை. மழை படாமல் காய்ந்த கடலைக்கொடிக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் செம்மண், கொஞ்சம் பச்சைக்கடலை, அடியில் லேசாக ஓர் இனிப்பு. உங்களுக்கு அது மாட்டுத்தீனி வாசனை. எனக்கு அது ஒரு வளைகாப்பு வீட்டு வாசனை.

பவுனு ஜட்கா வண்டிக் குதிரை. நான் கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்த அறுபதுகளில் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஜட்காக்கள் வரிசையாக நிற்கும். அத்தனை குதிரைகளுக்கும் விலா எலும்பு தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? எங்கள் பக்கம் மனுசனுக்கே கம்பும் சோளமும் வானம் பார்த்துத்தான் விளையும். புல் என்பதைச் சாமிக்கு அருகம்புல் சாத்தும்போதுதான் பார்ப்போம். அந்த வரிசையில் சுப்பையா அண்ணனின் பவுனு மட்டும் பளபளவென்று, பின்புறம் இரண்டு குடத்தைக் கவிழ்த்த மாதிரி நிற்பாள். வெளியூர்க்காரர்கள் இறங்கியதும் நேரே அவள் வண்டிக்குத்தான் போவார்கள். ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரியும், பக்கத்தில் நடந்து போகிறவர் முன்னால் போய்விடுவார் என்று.

அவள் அப்படிக் கொழுத்ததற்குக் காரணம் எங்கள் தெரு. எங்களுடையது நெசவுத் தெரு. வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். விடிந்தும் விடியாமலும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக்கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். பாவு தெருவில் இருக்கும்வரை மனுசர்கள் ஓரமாக ஒண்டித்தான் போக வேண்டும். வண்டி நுழைய முடியாது. அதனால் எங்கள் தெருவுக்கு ஆள் ஏற்ற வந்தால் சுப்பையா அண்ணன் தெருமுனைக் குழாயடியில் வண்டியை நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்துக் காத்திருப்பார். குழாயடி என்றால் பெண்கள். பெண்கள் கையில் பாவுக்குத் தடவியது போக மிச்சமான கஞ்சி. சும்மா நிற்கிற ஒரு வாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்கள் தெருப் பெண்களுக்குத் தெரியாது. முதலில் கஞ்சி, பிறகு கஞ்சியில் ஒரு பிடி பருத்திக்கொட்டை, அதன் பிறகு வீட்டில் பணியாரம் சுட்டால் அதில் ஒன்று. கையில் எதுவும் இல்லாமல் போனால் பவுனு முந்தானையைப் பிடித்து இழுப்பாள். இழுபட்டவள் வெட்கப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு ஓடி எதையாவது எடுத்துவருவாள்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவி என் மாமியார். அத்தை என்று கூப்பிடுவேன். அத்தைக்கு யார் மேல் பிரியம் வந்தாலும் அது சாப்பாடாகத்தான் வெளியே வரும். யார் மேல் கோபம் வந்தாலும் அப்படித்தான், கூட இரண்டு கரண்டி வைத்து, தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து முறைப்பாள்.

இப்படி இருக்கையில் வீரசோழன் கிராமத்தில் ஒரு ராவுத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை ஊர்வலத்துக்காகப் பவுனைக் கூட்டிப்போனார் சுப்பையா அண்ணன். அங்கே ராவுத்தரின் ஆண்குதிரை ஒன்று இருந்தது. ஊர்வலம் முடிந்து இரண்டும் ஒரே கொட்டடியில் நின்றன. அவ்வளவுதான் நடந்தது. அதற்குமேல் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. சில மாதம் கழித்து வண்டியின் இரண்டு சட்டத்துக்கும் நடுவே பவுனு நுழையத் திணறியபோது அண்ணன் தன் நெற்றியில் அடித்துக்கொண்டு சொன்னார், "ஏலே, வீரசோழன் வேலையா இது."

சேதி குழாயடிக்கு வந்தது. பிறகு கேட்க வேண்டுமா? எலும்பும் தோலுமான ஆடுமாடுகளையே பார்த்துப் பழகிய ஊர் எங்களுடையது. வயிறு உருண்டால் உள்ளே குட்டி இருக்கிறது, இதுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு. தின்றதாலேயே ஒரு பிராணிக்கு வயிறு போடும் என்பது எங்கள் அனுபவத்திலேயே கிடையாது. பிள்ளைத்தாய்ச்சி என்று ஆனதும் தீனி இரட்டிப்பானது. தீனி இரட்டிப்பானதும் வயிறு இன்னும் இறங்கியது. வயிறு இறங்க இறங்கச் சந்தேகப்பட்ட ஒன்றிரண்டு பேரும் நம்பிவிட்டார்கள். மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் காட்டலாமே என்று யாரோ சொன்னதற்கு, நிறைந்த வயிற்றில் கண்ட கை படக் கூடாது என்று அத்தை மறுத்துவிட்டாள். சுப்பையா அண்ணன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, நூல் கடையில் மூட்டை தூக்கப் போனார். குட்டி பிறந்தால் இரண்டு வண்டி ஓட்டலாம் என்று அவருக்கு ஒரு கனவு.

வீரசோழன் ராவுத்தர் காதிலும் இது விழுந்தது. வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். அவர் முறை தெரிந்த மனுஷர். ஒரு மாட்டு வண்டி நிறையக் கடலைக்கொடி ஏற்றி, மேலே ஒரு பழைய பட்டுத்துண்டைப் போர்த்தி, சம்பந்தி வீட்டுச் சீர் என்று சொல்லி அனுப்பிவைத்தார். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. பவுனு பட்டுத்துண்டையும் சேர்த்துத் தின்னப் பார்த்தாள்.

சீர் வந்துவிட்டது, வளைகாப்பு போடாமல் விடலாமா? யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் எங்கள் தெருவில் எதையும் விளையாட்டாக முடிக்க மாட்டார்கள். கண்ணாடி வளையல்களைப் பாவு நூலில் கோத்துப் பவுனுவின் கழுத்தில் கட்டினார்கள். நெற்றியில் குங்குமம். ஐந்து வகைச் சோறு குதிரைக்கு ஆகாது என்பதால் கொள்ளுப் பயறை அவித்து, தேங்காய் துருவிப் போட்டு, பித்தளைத் தாம்பாளத்தில் வைத்தார்கள். தாம்பாளம் எங்கள் வீட்டுடையது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. வளைகாப்பு வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். பிள்ளைக்கு ஏங்குகிறவளைப் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் இலையில் மிச்சம் வைத்ததைச் சாப்பிடச் சொல்வார்கள். அந்த ராசி ஒட்டிக்கொள்ளுமாம். தெருவில் நடந்த எல்லா வளைகாப்பிலும் நான் அப்படி உட்கார்ந்து எச்சில் இலையில் சாப்பிட்டிருக்கிறேன். என் உடம்பு பெருத்ததற்கு முதல் காரணம் அதுதான் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கும் அத்தை என்னைத் தேடினாள். எனக்குப் புரிந்துவிட்டது. தறிமேடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு வந்து, பவுனுக்குப் பக்கத்தில் நிறுத்தி, தாம்பாளத்தில் அவள் மூக்கை நுழைத்துத் துழாவிய மிச்சத்தை ஒரு பிடி அள்ளி என் வாயருகே நீட்டினாள். சுற்றிலும் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். தின்றேன். உப்பு கொஞ்சம் குறைவு. மற்றபடி நன்றாகத்தான் இருந்தது. பவுனு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பங்கில் கைவைத்ததை அவள் கடைசிவரை மறந்தாள் என்று நான் நினைக்கவில்லை.

குதிரைக்குப் பன்னிரண்டு மாதம் என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு வந்தது, போனது. அடுத்த மாதமும் போனது. பவுனு நொண்ட ஆரம்பித்தாள். முன்னங்காலைத் தரையில் ஊன்றவே பயப்பட்டாள். வேறு வழியில்லாமல் டாக்டர் வந்தார். தோள்வரை கையை விட்டுப் பார்த்தார். கையை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே, கூடி நின்ற எங்கள் எல்லோரையும் பார்த்து, "உள்ள ஒண்ணும் இல்லம்மா. அம்புட்டும் தீனி" என்றார். அதன் பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு மதுரை டாக்டர் சொன்னதும். கஞ்சி கூடாது, இனிப்பு வாசனையே கூடாது, கடலைக்கொடி கூடாது. வெறும் காய்ந்த சோளத்தட்டை, அதுவும் மொத்தமாக இல்லை, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. பட்டினியும் போடாதே. கால் வலி தணிந்ததும் நடத்திக்கொண்டு போ. இப்படியே விட்டால் குளம்பு கழன்றுபோகும்.

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டுப் பயந்துபோன சுப்பையா அண்ணன், பட்டினி போடாதே என்றதைக் கேட்காமல் விட்டுவிட்டார். ஒரு நாள் முழுக்க வெறும் தண்ணீர். மறுநாள் விடியற்காலையில் பவுனு கயிற்றை அறுத்துக்கொண்டு நேரே எங்கள் தெருவுக்கு வந்தாள், நொண்டிக்கொண்டேதான். தெருவில் கஞ்சி தடவிய பாவு ஒன்று, ஈரம் காயாமல், அவளுக்கென்றே விரித்துவைத்த மாதிரி கிடந்தது. இந்த முனையிலிருந்து ஆரம்பித்து நக்கிக்கொண்டே போனாள். ஆட்கள் ஓடிவந்து பிடிப்பதற்குள் பாதிப் பாவு இழை இழையாக அறுந்து தொங்கியது.

பாவு சின்னத்தை வீட்டுடையது. சின்னத்தை என்பது அத்தையின் ஓரகத்தி. தெருவில் யாரும் பகைத்துக்கொள்ள விரும்பாத வாய் அது. அவள் தெருநடுவில் நின்று சொன்னது எனக்கு இன்றைக்கும் வரிவரியாக ஞாபகம் இருக்கிறது. "பிள்ளையும் பெறல, பொழப்புக்கும் ஆகல. இத வச்சுத் தீனி போடுறதுக்குத் தள்ளிவிட்டுட்டு வேற ஒண்ணப் பிடிக்க வேண்டியதுதான?" ஆரம்பிக்கும்போது பவுனைப் பார்த்துச் சொன்னாள். முடிக்கும்போது என்னைப் பார்த்தாள்.

தெருவுக்கே புரிந்தது. அவளுடைய அண்ணன் மகள் ஒருத்தி கல்யாணத்துக்கு இருந்தாள். என் வீட்டுக்காரருக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைக்கலாம் என்று அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து பேசினாள். நான் உள்ளே ராட்டினத்தில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தேன், காது வெளியே இருந்தது. அத்தை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பார்ப்போம் என்றாள். ராட்டினம் என் கையில் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. என்ன நூல், என்ன நிறம் என்று ஒன்றும் தெரியவில்லை.

சுப்பையா அண்ணனும் மனசைத் தேற்றிக்கொண்டார். பொங்கல் வரைக்கும் பார்க்கிறேன், அதற்குள் வாரைக் கட்டி வண்டியில் பூட்ட முடிந்தால் சரி, இல்லாவிட்டால் காரியாபட்டிச் சந்தைத் தரகரிடம் விட்டுவிடுகிறேன் என்றார். எனக்கு அப்போது ஒரு கிறுக்கு நினைப்பு வந்தது. பவுனு நிலைத்தால் நானும் நிலைப்பேன், அவளைத் தள்ளிவிட்டால் அடுத்தது நான்தான். படித்தவர்கள் இதற்குச் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். நான் அன்றிலிருந்து குதிரையை இளைக்கவைக்கும் வேலையில் இறங்கினேன்.

நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன வேண்டும். எப்படி? கட்டுத் தட்டையைப் போட்டால் ஒரு மூச்சில் முடித்துவிட்டு அடுத்த பாவைத் தேடுவாள். இதை என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் அதிகம் பேசாத மனுஷர். சின்னத்தை வந்து போனதைப் பற்றியும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மறுநாள் தறிக்கு உட்காராமல், கழித்துப்போட்ட நூலை எல்லாம் சேர்த்து முறுக்கிக் கயிறாக்கி, விரல் நுழைகிற கண் வைத்து ஒரு வலைப்பை பின்னினார். சோளத்தட்டையை நறுக்கி அதற்குள் அடைத்துக் குழாயடியில் கட்டித் தொங்கவிட்டோம், பவுனையும் இராப்பகலாக அங்கேயே கட்டினோம். பவுனு முதலில் அதைக் கடித்து உதறினாள். வலை விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு உதட்டாலேயே ஒவ்வொரு துணுக்காகப் பிடுங்கித் தின்னக் கற்றுக்கொண்டாள். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் அதே வேலை. சேலைக்குக் கரை போடுகிறவன்கூட அவ்வளவு கவனமாக இருக்க மாட்டான்.

கால் சரியானதும் சுப்பையா அண்ணன் அவளைப் பாலவனத்தம் ரோட்டில் நடத்திக்கொண்டு போவார். வண்டி எங்கே என்று கேட்கிறவர்களிடம், "தொப்பையக் கழட்டி வச்சுட்டு மாட்டுறேன், பொறுங்க" என்பார். சேதி தெரிந்து வீரசோழன் ராவுத்தரும் சொல்லி அனுப்பினார்: குட்டி இல்லாவிட்டால் என்ன, சம்பந்தம் சம்பந்தம்தான். இந்தத் தடவை அவர் அனுப்பியது சோளத்தட்டை. பட்டுத்துண்டு இல்லை.

எடை பார்க்கத் தராசுக்கு எங்கே போவது? வாரம் ஒரு தரம் பாவு நூலை அவள் வயிற்றைச் சுற்றி அளந்து அறுத்து, தறிவீட்டு ஆணியில் தொங்கவிடுவேன். நூல் வாரா வாரம் குட்டையாகிக்கொண்டே வந்தது. என் மனசும் கொஞ்சம் கொஞ்சமாக லேசானது. பொங்கல் நெருங்கும்போது ஒரு வாரம் குறையவில்லை. அடுத்த வாரம் நூல் ஒரு விரல் நீளமாகவே இருந்தது.

யாரோ கொடுக்கிறார்கள். ஆனால் யார்? குட்டி இல்லை என்றானதிலிருந்து தெருவில் ஒருத்தியும் பவுனு பக்கம் திரும்புவதில்லை. ஏமாற்றிவிட்டாளாம். சின்னத்தைதான் வேண்டுமென்றே ஊட்டிக் கெடுக்கிறாள் என்று எனக்குள் முடிவே கட்டிவிட்டேன். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று விடியற்காலையில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

அங்கே முக்காடு போட்டுக்கொண்டு நின்றது அத்தை. உள்ளங்கையில் கருப்பட்டி. பவுனு கண்ணை மூடிக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் பேசிக்கொண்டது கன்னடத்தில். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"என்னத்தே இது? தரகர்ட்ட விட்டுருவாக அத்தே."

"ஒரு துண்டுதான்டி." அத்தை கையை இழுத்துக்கொள்ளவில்லை. "வயித்துல பிள்ளன்னு நெனச்சப்ப வரிசையில நின்னு ஊட்டுனாக. இல்லன்னதும் ஒருத்தியும் எட்டிப் பாக்கல. நேத்து வரைக்கும் குடுத்த கை எங்க போச்சுன்னு அது தேடுமா தேடாதா?"

குடத்தைக் கீழே இறக்கி வைத்தேன். அதற்குமேல் கேட்கிற தைரியம் எங்கிருந்து வந்ததோ, சின்னத்தைக்கு என்ன சொல்லப் போறீக என்று கேட்டுவிட்டேன்.

"நேத்தே சொல்லிட்டேன். எங்க வீட்டுக் குதிரைக்கு நாங்க தட்ட போட்டுக்குறோம், உங்க வீட்டுக் கடலைக்கொடி எங்களுக்கு வேணாம்னு."

மருமகளைக் குதிரை என்று சொன்ன மாமியார்கள் ஊரில் நிறைய இருப்பார்கள். அதைக் கேட்டு அழுத மருமகள்களும் இருப்பார்கள். சந்தோஷத்தில் அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். அத்தை கையில் மிச்சமிருந்த துண்டை உடைத்து, பாதியை என் வாயில் திணித்தாள். "நீயும் எளச்சுத்தான் போய்ட்ட" என்றாள். மீதிப் பாதி யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பவுனு ஏற்கெனவே மூக்கை நீட்டிவிட்டாள்.

பொங்கலுக்கு முன்னால் பவுனைப் பூட்டிப் பார்த்தோம். சட்டத்துக்குள் நுழைந்தாள். வார் கடைசி ஓட்டையில் போய் மாட்டியது. சுப்பையா அண்ணன் வேஷ்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தெருவில் பாவு இல்லாத நேரமாகப் பார்த்து வண்டியை உள்ளே வரச்சொல்லி, முதல் சவாரியாக அத்தை ஏறினாள், பக்கத்தில் என்னை ஏற்றிக்கொண்டாள். எங்கே போக வேண்டும் என்று அண்ணன் கேட்டதற்கு, தெருவை ஒரு சுற்றுச் சுற்று, சின்னத்தை வீட்டு வாசலில் கொஞ்சம் மெதுவாகப் போ என்றாள். வண்டியில் பூட்டியிருந்தது பவுனு. மெதுவாகப் போகச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

பவுனு பிறகும் பல வருஷம் இருந்தாள். எழுபதுகளில் ஜட்காக்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன, அவள் வண்டிதான் கடைசிவரை ஓடியது. குட்டி போடவில்லை. எனக்கும் பிள்ளை பிறக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வேறு யாரும் வந்து சேரவுமில்லை.

அருப்புக்கோட்டையில் பஸ் நின்றது. ஜட்கா நின்ற இடத்தில் ஆட்டோக்கள் நிற்கின்றன. நடக்கச் சொல்லியிருக்கிறாரே டாக்டர் என்று நடந்தே போனேன். தெருவில் இப்போது எந்த நேரமும் வண்டி வரலாம், குறுக்கே பாவு கிடையாது. குழாயடியும் இல்லை. வலைப்பை பின்னிக்கொடுத்தவர் போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது, அத்தை அதற்கும் முன்னால். அடுப்படியில் கருப்பட்டி டப்பா இருக்கிறது, கையெட்டுகிற உயரத்தில்தான். இனிப்பை நிறுத்துவது கஷ்டமாக இருக்கும் என்று டாக்டர் எச்சரித்தார். ஒரு கஷ்டமும் இல்லை. நான் எடுத்துத் தின்பதில்லை. விடிந்தும் விடியாமலும், யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டை எடுத்துவந்து என் வாயில் திணிக்கத்தான் ஆள் இல்லை.